230 ரூபாய் அரிசியில் யாருக்கு எவ்வளவு?

அன்பின் அண்ணா,

2024 டிசெம்பரில் நாட்டரிசி கிலோ 230 ரூபாய் என்று அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டது. அந்தக் கிழமையே எங்கள் ஊர்க் கடையில் 250க்கு விற்றார்கள். கேட்டதற்கு, "தேவையெண்டா எடுங்க" என்றார் முதலாளி. 2022இல் ஏறின பால்மா விலையும் பழைய இடத்துக்கு வரவில்லை. கடைக்காரர் முதல் கம்பனி வரை எல்லோருக்கும் பேராசை. லாபம் என்பதே அடுத்தவன் வயிற்றில் அடிப்பதுதானே? இனி இப்படி நடந்தால் புகார் கொடுக்கலாமா?

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்பின் தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. அது போய் விழுகிற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அந்த அறிவிப்பில் இரண்டு விலை இருந்தது. கடையில் நாம் கொடுக்க வேண்டியது 230, மொத்த விலை 225. கிலோவுக்கு வருகிற அந்த 5 ரூபாய்க்குள் ஏற்றுக்கூலி, கரண்ட் பில், கொப்பியில் எழுதி வராமல் போகிற கடன் எல்லாம் அடங்க வேண்டும். 2021இல் திருத்திய நுகர்வோர் சட்டப்படி, கூட்டி விற்கிற தனியாளுக்கு ஆகக் குறைந்த தண்டமே ஒரு லட்சம். அந்தக் காசை 5 ரூபாயாகச் சேர்க்க 20,000 கிலோ அரிசி விற்க வேண்டும். 225க்கு மூடை கிடைக்காத சின்னக் கடைக்காரர் ஒன்றில் பயந்து பயந்து கூட்டி விற்பார், இல்லாவிட்டால் "அரிசி முடிஞ்சுது" என்பார். அந்த நாட்களில் இரண்டையும் கண்டோம்.

சரி, காசு எங்கே போகிறது? ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். 2025இல் நாட்டு நெல்லைக் கிலோ 120க்குத் தான் வாங்குவதாக அரசு சொன்னது, அதுதான் உத்தரவாத விலை. அந்த விலைக்கு வாங்கினால் நெல்லுக்கே 180 போய்விடும். அவித்து, காயவைத்து, குற்றி, லொறி ஏற்றி 225க்குக் கொடுக்க ஆலைக்காரரிடம் இருப்பது 45 ரூபாய். தவிட்டுக் காசு தனி. அதே நெல்லை 90க்கு எடுத்தவருக்கு அந்த 45, 90 ஆகிவிடுகிறது. இரண்டு பேரின் ஆலையும் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க வயல் வரம்பில் நடந்த பேரத்தில் இருக்கிறது.

அந்தப் பேரத்தை நீங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் பார்க்கலாம். எங்கள் பக்கம் பெரும்போக வெட்டு தை மாதத்திலேயே தொடங்கிவிடும். 2025இல் உத்தரவாத விலையை அறிவித்தது பெப்ரவரி 5ஆம் திகதி. மெசின் கொட்டின ஈர நெல் றோட்டோரம் படங்கில் கிடக்கும். மெசின்காரர் கூலிக்கு நிற்பார், உரக்கடைக்காரர் போன் எடுப்பார், வானம் கறுக்கும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கினால்தான் அரசு களஞ்சியத்தில் முழு விலை. அதுவரை காயவைக்கக் களமும் இல்லை, வைக்க இடமும் இல்லை. லொறியும் தராசுமாக வந்து நிற்கிறவர் சொல்வதுதான் அன்றைக்கு விலை. அவரிடம் களஞ்சியமும் வங்கிக் கடனும் உண்டு, மாதக்கணக்கில் காத்திருப்பார்.

ஆகவே பேராசை என்ற சொல் எனக்குப் போதவில்லை. கூட விலை கிடைத்தால் விவசாயியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், நீங்களும் நானும் சொல்லமாட்டோம். காத்திருக்கிற வசதி சிலரிடம் மட்டும் குவிந்திருப்பதுதான் கொடுமை. 1971இல் நெல் சந்தைப்படுத்தல் சபையை உண்டாக்கியது இதை உடைக்கத்தான். வெட்டு தொடங்க முன்பே அதன் களஞ்சியங்கள் திறந்து, கையில் காசோடு இருக்க வேண்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சின்ன மில்களுக்குப் போக காலத்தில் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். வாங்க நாலு பேர் வந்தால்தான் வயலில் விலை நிமிரும்.

பால்மா கதை வேறு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது, செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பணவீக்கம் தணிந்தால் விலை ஏறுகிற வேகம்தான் குறையும், ஏறின விலை தானாக இறங்காது. ஆனால் டொலர் 300 பக்கம் இறங்கிய பிறகும் 360 கணக்கிலேயே விற்ற கம்பனி இருந்தால், அதைப் பேராசை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

புகார் கட்டாயம் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அதற்கு முதல் கடைக்காரரிடம் மொத்த விலைப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அப்போதைய கட்டுப்பாட்டு மொத்த விலைக்கு மேல் இருந்தால், அந்த மொத்த வியாபாரியின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.