வாழ்க்கைத் திருப்திக் கேள்வித்தாளில் எனக்கு 19 புள்ளிதான் வந்தது. மகிழ்ச்சியை இப்படி அளப்பதை நம்பலாமா?

முதலில் அந்த 19ஐப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து வாக்கியம் கொண்ட தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது எட் டீனர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1985இல் வெளியிட்ட அளவுகோல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை போடலாம். மொத்தம் 5க்குக் கீழே போகாது, 35ஐத் தாண்டாது. 20 நடுநிலை. உங்களுடையது அதற்கு ஒரே ஒரு புள்ளி கீழே. இதை நினைத்து இரண்டு இரவு நித்திரை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் திருகோணமலை. சில வருடங்களுக்கு முன் உளவளத்துணைப் பயிற்சி ஒன்றுக்குப் போனபோது, இதே தாளை வீட்டில் யாரிடமாவது கேட்டு நிரப்பி வரச் சொன்னார்கள். அம்மா குசினி வாசலில் குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். "என் வாழ்க்கை பெரும்பாலும் நான் விரும்பியபடி இருக்கிறது": யோசிக்காமல் 6 என்றார். வாழ்க்கை நிலைமைக்கு 5, முழங்கால் நோவுக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டார். அடுத்த இரண்டுக்கும் 6. ஐந்தாவது வாக்கியம், மறுபடி முதலிலிருந்து வாழக் கிடைத்தால் ஏறக்குறைய எதையும் மாற்றமாட்டேன் என்பது. கத்தி நின்றுவிட்டது. மணிக்கட்டில் ஒட்டியிருந்த செதிலை மற்றக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"எல்லாத்தையும் ஏன் மாத்துவான்? அவன் ஒருத்தன் இருந்தாக் காணும்."

அவன் என்றது சின்ன மாமாவை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று காலை சல்லிக் கரைக்கு வலை பார்க்கப் போனவர். அந்த வரிக்கு அம்மா 1 போடச் சொன்னார்.

ஆக மொத்தம் 24. டீனரின் கணக்கில் 21 முதல் 25 வரை 'சற்றே திருப்தி'. ஐந்தாவதற்கும் 6 போட்டிருந்தால் 29 வந்து, 'திருப்தி' என்ற அடுத்த படிக்கு ஏறியிருப்பார். அந்த ஐந்து புள்ளியும் அம்மாவுக்குத் தன் வாழ்க்கை மீது உள்ள குறை இல்லை, தம்பி மீது உள்ள பாசம். தாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கூட்டி வரும் எண்ணைவிட எந்த வரியில் குறைகிறது என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இதனால் இந்த ஆய்வே பொய் என்று சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்கும்போது இப்படியான தனிக்கதைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், சராசரி உண்மையாகவே பேசும். ஒரு ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத்தான் அந்த எண்ணுக்குப் பலம் போதாது.

அப்புறம், இந்தத் தாள் அளப்பது திருப்தியை மட்டும். டீனரே நலவாழ்வை இரண்டாகத்தான் பிரித்தார்: வாழ்க்கையை நின்று பார்த்து நாம் சொல்லும் மதிப்பு ஒன்று, நாளாந்தம் மனதுக்குள் வந்துபோகும் நல்ல, கெட்ட உணர்வுகள் இன்னொன்று. நம்முடைய பேச்சில் இதற்கு ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. திருப்தி வேறு, சந்தோஷம் வேறு. இரண்டுக்கும் மேலே எங்கள் ஊர்ச் சனம் கேட்பது நிம்மதி. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களிடம் "சந்தோஷமா இருக்கிறீங்களா?" என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். "இப்ப நிம்மதியா?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். இந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல அளவுகோலை நம்மவர்கள் யாராவது செய்ய வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

உங்கள் நண்பர் சொன்ன லொத்தர் ஆய்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், எது நடந்தாலும் மனம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று. 1978இல் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் இன்னும் இருவரும் செய்தது அது. லொத்தரில் வென்ற 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், சாதாரண ஆட்கள் 22 பேர். வென்றவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை என்பது சரி. ஆனால் விபத்துக்குள்ளானவர்கள் சாதாரண ஆட்களைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள். கதை சொல்கிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஜெர்மனியில் ஒரே ஆட்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கேட்டுப் பார்த்ததில், துணையை இழந்தவர்கள் மீளப் பல வருடங்கள் எடுத்தது தெரிந்தது. வேலை இழந்தவர்களில் பலர், மறுபடி வேலை கிடைத்த பிறகும் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. அம்மாவின் அந்த 1ஐக் கண்ட எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

எனக்கு நேரடியாக உதவியது வேறொரு முறை. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2004இல் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் செய்தது. நேற்றைய நாளைப் படக்காட்சி மாதிரித் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எங்கே, யாரோடு, என்ன செய்தோம், எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். அவர்களுக்குக் காலையில் வேலைக்குப் போகும் பயணம் மிகக் கீழேயும், ஆட்களோடு கூடிக் கதைத்திருந்த நேரம் மேலேயும் வந்தது. நான் ஒரு கொப்பியில் ஏழு நாள் எழுதினேன். கந்தோர் வேலைதான் என்னை வாட்டுகிறது என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால், படுக்கையில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்த இரவுகள் அதைவிட மோசம். மேலே வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம்: அக்காவோடு எங்கள் ஊர் டச் பே கடற்கரை மணலில் இருந்து கடலை கொறித்தது, ஒரு மான் வந்து வெறும் கடதாசிச் சுருளை மணந்து பார்த்துவிட்டுப் போனது. மொத்தமே நாற்பது நிமிடம். இப்போது கிழமையில் இரண்டு நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் தாளை மறுபடி எடுங்கள். ஐந்திலும் 3, 4 என்று வந்திருக்கிறதா, அல்லது நாலு வரி நன்றாக இருந்து ஒன்று மட்டும் கீழே இழுக்கிறதா? ஒன்று மட்டும்தான் என்றால் அது எந்த வரி என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், அதைப் பற்றிக் கதைப்போம். ஆனால் இது மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் தாள் இல்லை. நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பிக் கிடந்தால் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் இருக்கிறீர்கள் என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு எடுக்கலாம்.