வாடகை வீட்டில் நாய் வளர்த்தால் காலி செய்யச் சொல்ல முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் மூன்று ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு என் மகள் ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்தாள். இப்போது வீட்டுக்காரர், "நாயை எங்காவது கொண்டுபோய் விடுங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்யுங்கள், தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவேன், கதவைக் கீறியதால் அட்வான்ஸும் கிடையாது" என்கிறார். வாடகைதாரர் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் சட்டமே வந்துவிட்டதாக லண்டனில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். நமக்கு அது பொருந்துமா?

பதில்: தங்கள் தம்பி சொல்வது இங்கிலாந்தின் நிலை. அங்கே 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, வாடகைதாரர் எழுத்து மூலம் அனுமதி கேட்டால், தகுந்த காரணமின்றி உரிமையாளர் மறுக்க முடியாது. பிராணிக்கென்று மூன்று வார வாடகையைக் கூடுதல் வைப்புத் தொகையாக வாங்கலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை சேர்த்த திருத்தத்தைக் கீழவையான மக்களவை ஏற்கவில்லை.

நமக்குப் பொருந்துவது 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017. செல்லப்பிராணி பற்றி இச்சட்டம் எதுவும் பேசவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே செல்லும். விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலைக் காட்டி, நாய்க்குத் தடை போடவே முடியாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிவிடாதீர்கள். அந்த வழிகாட்டுதல் குடியிருப்போர் சங்கங்களை நோக்கியது. தனி வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தில் வைக்கும் நிபந்தனையை அது மாற்றாது.

என்னைக் கவலைப்படுத்துவது தங்களிடம் ஒப்பந்தமே இல்லாததுதான். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான ஒரு காரணமாகப் பிரிவு 21-இல் இடம்பெற்றுள்ளது. நாயைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் இந்த ஒன்றை மட்டும் வைத்தே வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றம் போக முடியும். அதேசமயம், அந்த நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல், வாய்ச்சொல்லால் மாதக் கடைசியில் தங்களை வெளியேற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. நாயால் பொதுத் தொல்லையோ கட்டடத்துக்குச் சேதமோ ஏற்படுகிறது என்று அவர் வழக்காடினாலும், அதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். கதவின் அடியில் நாலு நகக்கீறல் இருப்பதை அப்படிப்பட்ட சேதமாக நான் கருதவில்லை.

தண்ணீரை நிறுத்துவது பிரிவு 20-இன்படி தடை செய்யப்பட்டது. நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரான வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவிடலாம். அட்வான்ஸைப் பொறுத்தவரை, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல், அதாவது தங்கள் விஷயத்தில் 27,000 ரூபாய்க்கு மேல், வாங்கியதே சரியல்ல. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்தாக வேண்டும். கதவைச் சீர்செய்ய ஆசாரி கேட்கும் கூலியைப் பிடிக்கலாமே தவிர, 50,000 ரூபாயையும் வைத்துக்கொள்ள முடியாது.

நாயை எங்காவது விட்டுவிடச் சொல்கிறாரே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பட்டினி, தாகத்தால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் பிரிவு 11-இன்கீழ் குற்றம். கைவிட்டவர் என்ற முறையில் வழக்கு தங்கள் மீதுதான் வரும்.

சண்டைக்கு முன் சமாதானத்தையே நான் பரிந்துரைப்பேன். கீறிய கதவை இந்த வாரமே சரிசெய்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். பொதுப் படிக்கட்டில் நாயைக் கயிற்றில் பிடித்தே கூட்டிச் செல்வோம், அசுத்தம் செய்தால் நாங்களே கழுவுவோம், சேதமானால் செலவை ஏற்போம் என்ற மூன்று நிபந்தனைகளையும், நாய் வளர்க்க அனுமதி உண்டு என்ற வரியையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட மறுத்தால், வரைவை விநியோகச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தம் ஏற்படாததற்குத் தாங்கள் காரணமல்ல என்று பின்னால் காட்ட அது உதவும். வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாமல், வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்தி வாருங்கள்.