ஆசியர்களுக்குக் கண்டிப்பான ஆட்சிதான் சரிப்படும், உரிமையெல்லாம் மேற்கத்தியர்களுக்கு என்கிறார்களே, உண்மையா?

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். "கொரியாக்காரன் பெரியவங்க சொன்னா கேப்பான், அதான் முன்னேறிட்டான்." தென்கொரியாவில் சுவோன் நகரில் ஆராய்ச்சி வேலையில் இருந்தவன் நான். இதைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பெரியவர்களுக்கு அங்கே மரியாதை உண்டு, மறுக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியர் கரண்டியை எடுக்கும்வரை யாரும் சாப்பிட ஆரம்பிக்க மாட்டார்கள். அவர் எதிரில் மது குடிக்க நேர்ந்தால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். அப்படித் திருப்பிக்கொள்கிற ஜூனியர் பெண் ஒருத்தி, 2024 டிசம்பர் 14 அன்று, பாப் கச்சேரிக்கு வாங்கிய லைட் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு அதிபரைப் பதவிநீக்கம் செய்யக் கோரி சியோலில் நாடாளுமன்றத்துக்கு எதிரே குளிரில் நின்றாள். டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்திருந்தார். போலீஸ் வாசலை மறிக்க, நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். வந்து சேர்ந்த 190 பேரும் எதிர்த்து வாக்களிக்க, விடிவதற்குள் அறிவிப்பு வாபஸ். 2025 ஏப்ரல் 4-இல் அரசியல் சாசன நீதிமன்றம் 8-0 என்று அவரைப் பதவியிலிருந்தே இறக்கியது. அந்தப் பெண்ணோ, திங்கட்கிழமை வழக்கம்போலப் பேராசிரியருக்குக் குனிந்து வணக்கம் வைத்தாள்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. மேற்கில், இங்கிலாந்தில், அரசனை நம்பாமல் 1215-லேயே மாக்னா கார்ட்டா என்று உரிமைகளை எழுதி வாங்கினார்கள். கொரியா பின்பற்றிய சீன ஞானி கன்பூசியஸ் வழியில் அரசனுக்கு அறம் சொல்லித் திருத்தப் பார்த்தார்கள். திருந்தாதவனை இறக்கக் கலகம்தான் வழி. கொரியர்கள் அந்தக் கலகத்துக்குப் பதிலாக ஒரு நீதிமன்றத்தை வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சண்டை புதிதும் அல்ல. மேற்கத்திய முறையை ஆசியாவில் அப்படியே திணிக்க முடியாது என்று 1994-இல் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூ ஓர் அமெரிக்க இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டு, அதே இதழில் தென்கொரிய அரசியல் தலைவர் கிம் டே ஜங் பதில் எழுதினார். 1980-இல் ராணுவ ஆட்சி மரண தண்டனை விதித்த மனிதர் இவர். கொடுங்கோலனை மக்கள் இறக்கலாம் என்று ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக்குக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே, கன்பூசியஸ் வழி வந்த சீன ஞானி மென்சியஸ் சொல்லிவிட்டார் என்பது அவர் வாதம். 1998-இல் கிம்மே தென்கொரியாவின் அதிபரானார்.

கொரியாவுக்கு ஜால்ரா அடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் தற்கொலை விகிதம் அங்கேதான் அதிகம். அப்புறம் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர். காலி செய்தபோது சுவரில் மசாலா வாசம் ஏறிவிட்டது என்று முன்பணத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். குடிவந்த அன்றே ஜன்னலோர வால்பேப்பரில் பூஞ்சை பிடித்திருந்ததைப் படமெடுத்து வைத்திருந்தேன். காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான் என்ற தைரியம்தான். இன்னமும் ஆறவில்லை.

சித்தப்பா அடுத்து, 1979 வரை கொரியாவை இரும்புக்கரத்தோடு ஆண்ட ராணுவ ஜெனரல் பார்க் சுங் ஹீ பெயரை எடுப்பார். அவர் காலத்தில் தொழில் வளர்ந்தது, சரி. கண்டிப்பான ஆட்சியே போதும் என்றிருந்தால் 1980-இல் ராணுவ ஆட்சியை எதிர்த்த குவாங்ஜு நகர மக்கள் ஏன் குண்டடி பட்டுச் செத்தார்கள், 1987-இல் ஏன் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி நேரடி அதிபர் தேர்தலைக் கேட்டு வாங்கினார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.