கேள்வி-பதில்: ஒரு ஜோடி ஃபிஞ்ச் வாங்கினோம், இப்போது கூண்டு பத்தவில்லை

கூண்டுப் பறவைகள் பற்றி வந்த கடிதங்களில் ஜீப்ரா ஃபிஞ்ச் பற்றியவைதான் அதிகம். ஆச்சரியமில்லை. பெரிய சத்தம் கிடையாது, விலை கையைக் கடிக்காது, பிளாட் பால்கனியிலேயே குஞ்சு பொரித்துவிடும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பெரம்பூர் வாசகி: பையன் ஆசைப்பட்டான் என்று வெள்ளை ஃபிஞ்ச் ஒரு ஜோடி வாங்கி மாதக்கணக்காகிறது. நாரை இழுத்துப் பானைக்குள் அடுக்குகின்றன, ராத்திரி அதிலேயே படுக்கின்றன, முட்டையை மட்டும் காணோம். கேட்டால் "செட்டாக டைம் எடுக்கும்" என்கிறார் கடைக்காரர்.

முதலில் அது ஜோடிதானா என்று பாருங்கள் அம்மா. சாம்பல் ஃபிஞ்சில் ஆண் பெண் பிரிப்பது சுலபம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் வரிக்கோடு, விலாவில் செம்பழுப்பின் மேல் வெள்ளைப் புள்ளி என்று அத்தனை அலங்காரமும் இருக்கும். வெள்ளை ரகத்தில் இது எதுவும் தெரியாது, அலகு ஒன்றுதான் துப்பு. ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் காதை வைத்துக் கேளுங்கள், ஏனென்றால் இந்த இனத்தில் பாடுவது ஆண் மட்டும்தான், பெண் கூப்பிடும், பாடாது. இரண்டுமே பாடினால் உங்களிடம் இருப்பது இரண்டு ஆண். அவையும் ஒட்டிக்கொண்டு உட்காரும், கூடு கட்டும், எல்லாம் செய்யும். இரண்டும் பெண்ணாக இருந்தால் முட்டை வரும், ஆனால் ஒன்றும் பொரியாது.

ஜோடி சரியாக இருந்தால் வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும் என்றாலும் ஆறு மாதமாவது ஆகாத பெண்ணை முட்டைக்கு விடக் கூடாது. அதனால் தாமதமாவதும் நல்லதுக்குத்தான்.

நங்கநல்லூர் வாசகர்: ஐந்து முட்டையில் நான்கு பொரிந்தன. மூன்றாம் நாள் காலையில் இரண்டு குஞ்சு கூண்டுத் தரையில் செத்துக் கிடந்தன. மறுநாள் இன்னொன்று. அப்பன்தான் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். பெற்றதையே ஏன் இப்படிச் செய்கிறது?

நிறைய பேர் இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். சில காரணங்கள் நம் கையில் இல்லை. முதல் ஈடு (ஒரு தடவை முட்டை போட்டுப் பொரிப்பது) என்றால் தாய் தகப்பன் இரண்டுக்கும் அனுபவம் போதாது. குஞ்சு தானாகவே செத்திருக்கலாம், செத்ததைக் கூட்டுக்குள் வைத்திருக்காது, இழுத்து வெளியே போட்டுவிடும், பார்க்கிற நமக்குக் கொலை மாதிரி தெரியும்.

நம் கையில் இருப்பது தீனி. வெறும் தினை போட்டு வளர்த்தால் பெரிய பறவை தாக்குப்பிடிக்கும், குஞ்சுக்கு அது போதாது. பொரிந்த நாளிலிருந்து வேகவைத்த முட்டையை மசித்துக் கொஞ்சம் வையுங்கள், முளைகட்டிய தினை, கம்பு வையுங்கள். ஆனால் இது சென்னை. காலையில் வைத்த முட்டை மதியத்துக்குள் கெட்டுவிடும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். புளித்த தீனியால் போன குஞ்சுகளின் பழியைத்தான் பல வீடுகளில் ஆண் பறவை சுமக்கிறது.

அடுத்தது நம் ஆர்வக்கோளாறு. வருகிற விருந்தாளிக்கெல்லாம் பானைக்குள் செல்போன் டார்ச் அடித்துக் காட்டுகிறோம். ஒரு நாளைக்கு ஒரு முறை, பெரியவை இரண்டும் வெளியே இருக்கும் நேரத்தில், சட்டென்று பார்த்துவிட்டு நகருங்கள். முதல் நாட்களில் குஞ்சின் தோல் கண்ணாடி போல இருப்பதால் கழுத்தோரம் இரைப்பையில் தானியம் நிறைந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும். அது தெரிந்தால் ஊட்டுகிறார்கள் என்று அர்த்தம், கவலையை விடுங்கள். ராத்திரி எலியோ பூனையோ வந்தாலும், தீபாவளி வெடி பக்கத்தில் வெடித்தாலும், அடைகாக்கும் பறவை மிரண்டு பறக்கும்போது குஞ்சும் சேர்ந்து விழும். எறும்புக்குக் கூண்டுக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்பு சாக்பீஸ் வேண்டாம்.

கீழே விழுந்தது உயிரோடு இருந்தால் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றித் திரும்ப வைத்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்வார்கள், ஃபிஞ்சுக்கு அதெல்லாம் கிடையாது.

வியாசர்பாடி வாசகர்: பெண் ஃபிஞ்ச் முதல் நாள் மாலை இறகைச் சிலுப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. குளிர் என்று நினைத்துத் துணி போர்த்தினோம். காலையில் இறந்துவிட்டது, வயிறு வீங்கியிருந்தது. அதற்கு முன் இடைவெளி இல்லாமல் நான்கு ஈடு முட்டை போட்டது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முட்டை அடைத்துக்கொண்டதாகத்தான் இருக்கும், தம்பி. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்துபோகும், முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் வலு இருக்காது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தீனியிலிருந்து கிடைக்காதபோது தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். நான்கு ஈடு தொடர்ந்து போட்டால் எலும்பில் என்ன மிஞ்சும்? கணவாய் ஓட்டை எப்போதும் கூண்டில் மாட்டி வையுங்கள், நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள். கோழி முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்துப் பொடித்தும் வைக்கலாம். காலை வெயில் கொஞ்சம் பட வேண்டும், அது இல்லாமல் சுண்ணாம்பு உடம்பில் ஒட்டாது.

இனி ஒரு பெண் அப்படி உட்கார்ந்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். காற்றுப் போகிற சின்ன டப்பாவில் வைத்து, மேலே ஒரு குண்டு பல்பு எரியவிட்டு இளஞ்சூட்டில் வைத்திருந்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடமோ ஓடுங்கள். வயிற்றைப் பிதுக்கி முட்டையை எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் அவ்வளவுதான்.

தாம்பரம் வாசகர்: ஒரு ஜோடியில் ஆரம்பித்தேன், இப்போது எண்ணவே பயமாக இருக்கிறது. ஹால் முழுக்கத் தினைத் தோல். இரண்டில் ஒன்று முடிவு பண்ணு என்கிறார் மனைவி. கொஞ்சத்தைத் திறந்துவிட்டால் புண்ணியமாவது கிடைக்குமா?

புண்ணியம் காக்கைக்குத்தான் சார். கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை, இரை தேடத் தெரியாது, இந்த ஊர்ப் பறவையும் இல்லை. ஒரு நாள் தாண்டினாலே பெரிய விஷயம்.

ஏன் இப்படிப் பெருகுகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டுக்குப் போக வேண்டும். அங்கே மழை பெய்து புல் விளைந்தால்தான் இவை குஞ்சு பொரிக்கும், மழையில்லாவிட்டால் சும்மா இருந்துவிடும். உங்கள் ஹாலில் வருடம் முழுக்கத் தினை, வருடம் முழுக்கத் தண்ணீர், போதாததற்கு ஒரு பானையும் மாட்டியிருக்கிறீர்கள். அவற்றின் கணக்கில் மழைக்காலம் முடியவே இல்லை. நாலு முதல் ஆறு முட்டை, இரண்டு வாரம் அடை, மூன்று வாரத்தில் குஞ்சு வெளியே வரும், அதற்கு இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த ஈட்டுக்கு உட்கார்ந்துவிடும்.

ஆக, பானையை எடுங்கள். நாரையும் எடுங்கள். தீனிக் கிண்ணத்திலேயே முட்டை போடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு, அங்கே போலி முட்டை வைத்து மாற்றுங்கள். வெறுமனே முட்டையை எடுத்துக்கொண்டே போனால் போட்டுக்கொண்டே இருக்கும், வியாசர்பாடிக் கதைதான். உறுதியான வழி ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் பிரிப்பது. கூடப்பிறந்தவையே ஜோடி சேர்ந்து நோஞ்சான் குஞ்சு பிறப்பதும் அதோடு நிற்கும். வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ஈடு, அதுவும் எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும். வாங்கும்போது எந்தக் கடையிலும் இதைச் சொல்வதில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு.

ராயபுரம் வாசகர்: ஃபிஞ்ச் வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா? சந்தையில் பச்சை, ரோஸ் கலரில் குருவி விற்கிறார்களே, அதுவும் ஃபிஞ்ச்தானா?

ஜீப்ரா ஃபிஞ்ச் வெளிநாட்டு இனம், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இல்லை, வீட்டில் வளர்க்கலாம். கலர் அடித்த குருவி பெரும்பாலும் நம்மூர் வயல்வெளியில் பிடித்த சில்லை என்ற காட்டுக் குருவிக்குச் சாயம் பூசியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பரிதாபப்பட்டுக்கூட வாங்காதீர்கள், வாங்கினால் அடுத்த வாரம் இன்னொன்றைப் பிடிப்பார்கள்.

மயிலாப்பூர் வாசகி: எங்கள் குட்டி ஆண் அப்படியே அவன் அப்பா மாதிரி பாடுகிறான். பிரமையா?

பிரமை இல்லை. மகன் பாட்டை அப்பாவிடம்தான் கற்கிறான், மூன்று மாத வயதுக்குள் பாடம் முடிந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அதே பாட்டுதான். வேறு இனமான பெங்காலீஸ் ஃபிஞ்சிடம் விட்டு வளர்த்தால் அதன் பாட்டைப் பாடுவான். இதனாலேயே இந்தக் குருவி ஆராய்ச்சிக்கூடங்களில் பிரபலம். 2010இல் கோழிக்கு அடுத்தபடியாக முழு மரபணுவும் படிக்கப்பட்ட பறவை இதுதான். பதிவு செய்து வையுங்கள், பேரன் பிறந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேரன் வேண்டுமா என்பதைத் தாம்பரத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா நகர் வாசகி: பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். கூட்டில் குஞ்சு இருக்கிறது. கூண்டோடு பஸ்ஸில் எடுத்துப் போகலாமா?

வேண்டாம், குலுங்குகிற கூண்டில் ஊட்ட மாட்டா. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், தினைத் தோலை ஊதிவிட்டுத் தீனி போட வேண்டும், ஏனென்றால் தோல் மேலே நிறைந்திருந்தால் கிண்ணம் ரொம்பியிருப்பது போலவே தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. முட்டை மசித்து வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். பால்கனி சமையலறையை ஒட்டி இருந்தால் நான்-ஸ்டிக் தவாவைக் காலியாக அடுப்பில் வைத்து மறந்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அந்தப் புகை சில நிமிடத்தில் ஃபிஞ்சைக் கொன்றுவிடும்.