பிரபலமான வேம்பயர் காதல் நாவலை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் திரும்ப எழுதுவது காப்பிதானே?

யாரோ உங்கள் கதையைக் காப்பி என்று சொல்லி, நொந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்: இல்லை.

ட்விலைட் நாவலை எழுதிய ஸ்டெஃபனி மேயரே இதைச் செய்திருக்கிறார். 2005-ல் வந்த அது, பெல்லா என்ற பெண் சொல்லும் கதை. மிட்நைட் சன் என்ற புத்தகத்தில் அதையே அவள் காதலன், ரத்தம் குடிக்கும் வேம்பயரான எட்வர்ட் சொல்கிறான். 2008-ல் அதன் வரைவு கசிந்ததும் மனம் விட்டுப்போய் நிறுத்திவைத்தார், புத்தகமாக வந்தது 2020-ல்தான். உயிரியல் வகுப்பில் அவன் முறைப்பதைப் பார்த்து, தன்னை ஏன் வெறுக்கிறான் என்று பெல்லா குழம்புகிறாள். அவனோ அவள் ரத்தத்துக்காக வகுப்பு முழுவதையும் எப்படிக் கொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். எல்லார் மனசும் கேட்கிறவனுக்கு அவள் மனசு மட்டும் கேட்காது. நமக்கோ முதல் புத்தகத்திலேயே அவள் மனசு தெரியும். இதைப் பழைய கதை என்று எப்படிச் சொல்வது?

நான் எடுத்துக்கொண்டது எட்வர்டின் வேம்பயர் குடும்பத்தில் அவனுக்குச் சகோதரி முறையான ரோசலியை. பெல்லாவைக் கொல்ல ஜேம்ஸ் என்ற வேம்பயர் துரத்தும் இரவில், வாசனையைக் குழப்ப பெல்லாவோடு உடை மாற்றிக்கொள்ளச் சொன்னால், அவள் எனக்கு யார் என்று மறுத்துவிடுகிறாள். பிறகு அந்தக் குடும்பத்தின் அம்மா எஸ்மிதான் மாற்றிக்கொள்கிறாள். பெல்லா கண்ணுக்கு ரோசலி திமிர் பிடித்தவள், அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது புத்தகமான எக்லிப்ஸில் அவளே சொல்கிறாளே! 1933-ல், மணக்கவிருந்தவனும் அவன் நண்பர்களும் சிதைத்துத் தெருவில் போட்டுவிட்டுப் போனவள் அவள். குடும்பத்தின் அப்பா கார்லைல் அவளைக் கேட்காமலே வேம்பயர் ஆக்கிவிட்டார். பிள்ளை பெற்று, கிழவியாகி வாழ ஆசைப்பட்டவள். அந்த வாழ்க்கை கையில் இருந்தும், வேம்பயர் ஆவதற்காக அதை உதறத் தயாராக இருக்கும் பெல்லாவுக்கு அவள் ஏன் உதவ வேண்டும்?

அந்த இரவை ரோசலி வாயால் எழுதினேன். மூலத்தில் உள்ள பேச்சை மாற்றுவதில்லை என்று முடிவு செய்திருந்ததால், பெல்லா இருக்கும் காட்சிகளில் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அவள் இல்லாத இடம்தான் நமக்குக் கிடைப்பது. ரோசலியும் எஸ்மியும் பெல்லாவின் டிரக்கை எடுத்துக்கொண்டு அவள் அப்பா சார்லிக்குக் காவலாகப் போகிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று பெல்லாவுக்குத் தெரியாது, அதனால் அவள் சொல்லும் கதையிலும் இல்லை. பிடிக்காத ஒருத்தியின் அப்பாவுக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கும் ரோசலியை நான்தான் எழுதினேன். அந்த அத்தியாயத்தில் எனக்குப் பெருமை உண்டு.

மேயர் எழுதியது தன் சொத்து, நீ எழுதியது அடுத்தவர் சொத்து என்று சிலர் வருவார்கள். நான் காசு வாங்கவில்லை, மூலம் யாருடையது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தேன். பீமன் பார்வையில் பாரதத்தை எழுதிய எம்.டி. வாசுதேவன் நாயரை நாம் கொண்டாடத்தானே செய்கிறோம்? இதிகாசம் எல்லாருக்கும் பொது என்பீர்கள். சரி, சட்டத்தில் அது வேறுதான். எழுதுகிறவர் உட்கார்ந்து படும் பாட்டில் வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாரோ புகார் கொடுத்தார்கள் என்று, கதையை வைத்திருந்த செயலி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் நீக்கிவிட்டது. கதை என் கணினியில் இருக்கிறது. ரோசலிக்காகச் சண்டை போட்டு வாசகர்கள் எழுதிய கருத்துகள் அத்தனையும் போய்விட்டன. பதில் அனுப்பச் சொல்லிக் கேட்டேன், இன்றுவரை ஒரு வரி இல்லை. நீங்கள் எழுதினால் கருத்துகளையும் சேர்த்து நகல் எடுத்து வையுங்கள்.