ரூட்டரில் இரண்டு பெயர் காட்டினால் எதில் சேர்வது?

தம்பி, திருமங்கலத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள். விடுதி ரூட்டர் 2.4, 5 என்று இரண்டு பெயர் காட்டுகிறது, எதில் சேர்ந்தாலும் அம்மாவோடு பேசும்போது வீடியோ நின்று நின்று வருகிறது என்கிறீர்கள். வாடகை, பகுதிநேர வேலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பேச்சின் நடுவே அம்மா முகம் திரையில் அப்படியே நின்றுபோனால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று இருந்தால் அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இதைச் சொல்லிக் குழப்பிப் புது சிம் தலையில் கட்டுகிறவர்கள் நம் ஆட்களிலேயே உண்டு. புதுப் பிள்ளைகளுக்கு நாலு வருஷம் முன்னால் இங்கே வந்துவிட்டோம் என்பதை வைத்து அவர்களிடம் கமிஷன் பார்ப்பது எனக்கு ஆகவே ஆகாது. எச்சரிக்கையாக இருங்கள்.

2.4 சுவர் தாண்டிப் போகும், தூரம் எட்டும். ஆனால் அதில் ஒன்றையொன்று உரசாத சேனல், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த பாதை, வழக்கமாக 1, 6, 11 என்று மூன்றுதான். விடுதியில் அத்தனை அறைக்காரர்களும் அதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். புளூடூத்தும் அதே இடம். பொதுச் சமையலறையில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் 2.4 பக்கம்தான் இரைச்சலைக் கொட்டும். அதனால்தான் கோடு முழுசாகக் காட்டியும் பேச்சு அறுகிறது. 5இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் தளர்ந்துவிடும். ரூட்டர் உங்கள் அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் 5, அதற்கும் தள்ளி இருந்தால் 2.4.

5 திடீரென்று காணாமல் போனாலும் பயப்பட வேண்டாம். அதன் சில சேனல்களில் ரேடார் தென்பட்டால் ரூட்டர் விலகியே ஆக வேண்டும் என்பது சட்டம். புதுச் சேனலிலும் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வரும். சேனலை 36 முதல் 48க்குள் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை கிடையாது. நான் 2009இல் வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. மெனு முழுக்க ஜெர்மன். அகராதியும் கையுமாக ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சேனல் மாற்றக் கற்றேன். பிறகு அந்த மாடியில் யாருக்கு நெட் போனாலும், ஜெர்மன் பிள்ளைகள் உட்பட, என் கதவைத்தான் தட்டினார்கள்.

ஆனால் தம்பி, கோளாறு உங்கள் பக்கம் மட்டும்தான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? வெளிநாட்டு நெட்டைத் திட்டுகிற பாதிப் பேர் ஊரில் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்பதே இல்லை. எங்கள் வீடு மதுரை வடக்கு மாசி வீதியில், பழைய காரைச் சுவர் வீடு. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். அடுப்படியில் அம்மா போனுக்கு 5 எட்டவே எட்டாது. முற்றத்துப் பக்கம் உயரமாக மாட்டச் சொல்லி, அம்மா போனை 2.4இல் சேர்த்த பிறகுதான் நிம்மதி. கரண்டு போனாலும் அறுகாதபடி ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள்.

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் இருக்கிற கூட்டத்தில் செல்போன் நெட் திணறும். போன தேருக்கு அப்பா மொட்டைமாடியில் நின்று காட்டினார். அந்த உயரத்துக்கு எட்டியது 2.4தான். மீனாட்சி தேர் திரும்புவதை இங்கே அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். என் பிள்ளைகளும் கூட நின்றார்கள். நான் வந்த புதிதில் ஸ்டேஷன் பக்கத்துப் போன் கடையில் கார்டு வாங்கிக் கூண்டுக்குள் நின்று பேசுவேன். வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். தேர் எங்கே வருகிறதென்று அம்மா வாயால் சொல்லுவார்.

கடைசியாக ஒன்று. நெட் சரியில்லை என்று அவசரப்பட்டுத் தனி இணைப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே முதல் ஒப்பந்தம் 24 மாதம் வரை கட்டிப்போடும். அதற்குமுன் ஒரு லேன் கேபிள் வாங்கி மடிக்கணினியை ரூட்டரில் நேராகச் செருகி அம்மாவைக் கூப்பிடுங்கள். கேபிளில் நன்றாக வந்தால் வைஃபைதான் கோளாறு, மேலே சொன்னதைச் செய்யுங்கள். கேபிளிலும் அறுந்தால் விடுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அப்படியே அம்மாவிடம் ரூட்டர் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.