ஏழு நிமிடத்தில் ஒரு நூற்றாண்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரியாது. ஓவிய வரலாற்றைச் சொல்லும் அனிமேஷன் குறும்படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். “இது நுனிப்புல் மேய்வது, புத்தகத்திலிருந்து தொடங்கு” என்கிறார் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

தாராளமாகப் பாருங்கள். ஆனால் பழைய ஓவியத்திலுள்ள பெண்ணைக் கண்சிமிட்ட வைக்கும் படங்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஓவியர் தேர்ந்து நிறுத்திய கணத்தை அவை கலைத்துவிடுகின்றன.

ஜோன் கிராட்ஸின் ‘மோனாலிசா படியிறங்குகிறாள்’ (1992) வேறு வகை. ஆஸ்கர் பெற்ற படம், ஏழே நிமிடம். இருபதாம் நூற்றாண்டு ஓவியங்களின் முகங்கள் ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே போகின்றன. கேமரா முன் வண்ணக் களிமண்ணைக் குழைத்துத் தீட்டுகிறார் கிராட்ஸ். சிறிது மாற்றுகிறார், ஒரு பிரேம் எடுக்கிறார், மறுபடி மாற்றுகிறார். அடுத்த ஓவியம் பிறக்க முந்தையது அழிந்தாக வேண்டும். ஒரு பாணி இன்னொன்றாவதை இப்படிக் கண்ணெதிரே காட்ட எந்தப் புத்தகத்தாலும் முடியாது.

ஆஸ்கர் ஃபிஷிங்கரின் ‘மோஷன் பெயின்டிங் நம்பர் 1’ (1947) படத்தையும் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையில் தீற்றலுக்குத் தீற்றல் எண்ணெய் வண்ணம் ஏறுகிறது. முடிந்த ஓவியத்தில் நாம் காணமுடியாத வேலை அது.

நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். திரையில் இரண்டும் ஒரே அளவுதான். அதைவிடப் பெரிய குறை, அந்த வழுக்கிச் செல்லும் உருமாற்றமே. கிராட்ஸின் தலைப்பு மார்செல் டுஷாம்பின் ‘படியிறங்கும் நிர்வாண உருவம்’ ஓவியத்தை நினைவூட்டுவது. பிரெஞ்சு அறிவியலாளர் மாரே எடுத்த, உடலசைவைப் பல நிலைகளாகப் பிரித்துக் காட்டும் புகைப்படங்களிலிருந்து டுஷாம்ப் தூண்டுதல் பெற்றார். 1912இல் பாரிஸ் கண்காட்சிக்கு அதைக் கொடுத்தபோது எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் அல்லர், உருவங்களைக் கோண வடிவங்களாக உடைத்துத் தீட்டிய அவருடைய கியூபிசத் தோழர்களே! தலைப்பையாவது மாற்றச் சொல்லி அவருடைய அண்ணன்மார் வழியாகவே சொல்லியனுப்பினார்கள். டுஷாம்ப் மாற்றவில்லை, ஓவியத்தைத் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார். மறு ஆண்டு நியூயார்க்கில் வைத்தபோது பத்திரிகைகள் எள்ளி நகையாடின.

களிமண்ணில் ஒரு பாணி அடுத்ததற்கு இணக்கமாக வழிவிடுகிறது. நடந்ததோ சண்டை. அந்தச் சண்டைக்காகத்தான் புத்தகம் வேண்டும். படத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தும் முகம் ஒன்று இருக்குமே, அதன் ஓவியர் யார், முதலில் எங்கே வைக்கப்பட்டது, யார் கோபப்பட்டார்கள் என்று அங்கிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.